தெரிவித்துக்கொள்வது யாதெனில்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. குறைத்தது மட்டும் ஆங்காங்கே உண்டு. நடந்ததை நடந்தபடியே சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்பதால் செய்த காரியம் அது. அப்படியும் சந்தேகம் தீராதவர்களுக்கு அத்தாட்சி இருக்கிறது. ஆறு கருவிகளும் இன்றுவரை காவல் நிலையத்து ஸ்டோர் ரூமில், இடது பக்க அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சாவி எழுத்தரிடம்.

அந்தக் காவல் நிலையத்தின் பின்பக்கம், 'கட்டுப்பாட்டு அறை' என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. ஒரு மேசை. ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி ஒரு பக்கமாகத்தான் சுழலும் என்பதால், வலது கைப்பக்கம் இருக்கும் கதவைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னலையும் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சுவரை அடைத்தபடி மலை வரைபடம். மூலையில், தொண்டை கட்டின ஆள் மாதிரி கரகரத்துக்கொண்டிருக்கும் வயர்லெஸ் பெட்டி. இவ்வளவையும் கட்டி ஆள்பவர் வயர்லெஸ் அம்மா. ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். அவரைவிட நான்கு வயது மூத்த இன்ஸ்பெக்டருக்கும்.

அம்மாவின் வீட்டுக்காரர் அதே ஸ்டேஷனில் ஏட்டையா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அதில் பத்தொன்பது வருடம் இவருக்கு ஓர் ஊரில் வேலை, அவருக்கு ஓர் ஊரில் வேலை. மாற்றல் உத்தரவு போடுகிறவர்களுக்கு அவர்கள்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. இவரை வடக்கே அனுப்பியதும் ஞாபகமாக அவரைத் தெற்கே அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு வருடம் இருவரும் லீவு போட்டு ஒருவரையொருவர் பார்க்கக் கிளம்பி, ஒரே நாளில் எதிரெதிர் ரயிலில் ஏறிவிட்டார்கள். நல்ல வேளையாக இரண்டு ரயிலும் ஒரு ஜங்ஷனில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நிமிடம் நின்றன. அந்த மூன்று நிமிடத்தில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று ஜன்னலுக்கு ஜன்னல் சண்டை போட்டு, சமாதானமாகி, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று முடிவு செய்து, ஏட்டையா சாவியை எறிய அம்மா பிடித்தார். ரயில்கள் கிளம்பிவிட்டன. அந்த வருடம் அவர்கள் சேர்ந்து குடும்பம் நடத்தியது அந்த மூன்று நிமிடம்தான்.

அப்படிப்பட்டவர்கள் எட்டு மாதமாக ஒரே ஊரில், ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி. கொடி இருந்தும், குளித்த ஈரத் துண்டை ஏட்டையா கட்டிலில்தான் போடுவார். அதற்காக அவரை நேருக்கு நேர் திட்ட அம்மா பத்தொன்பது வருடம் காத்திருந்தவர். இப்போது தினமும் திட்டினார். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. வாழ்க்கையில் அவருக்கு இதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மலையில் திருட்டு ஆரம்பித்தது.

நகையில்லை, பணமில்லை. செல்போன் டவருக்குக் கீழே வரிசையாக வைத்திருப்பார்களே, பெரிய பெரிய பேட்டரிகள், அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரே மாதத்தில் மலைமேல் ஏழு டவர் ஊமையாகிவிட்டது. ஊருக்குள் பேசலாம், மலையில் பேச முடியாது. ரோந்து போகும் போலீஸ்காரர் எங்கே நிற்கிறார், விழுந்தாரா எழுந்தாரா என்று கேட்க வழியில்லை. வயர்லெஸ் முதல் வளைவைத் தாண்டியதும் இருமிவிட்டு அடங்கிவிடும். திருடனைப் பிடித்தால், பிடித்தேன் என்று சொல்லவே திருடனையும் கூட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் இறங்கி வர வேண்டும்.

ஆகவே மேலிடத்திலிருந்து ஆறு கருவிகள் வந்தன. சோப்பு டப்பா அளவு, ஆரஞ்சு நிறம், தலையில் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்தாற்போல் ஓர் ஆன்டெனா. டவர் வேண்டாம், கம்பி வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தான் இருக்கும் இடத்தைத் தானாகவே சேட்டிலைட்டுக்குச் சொல்லும். சேட்டிலைட் அதை அம்மாவின் திரைக்குச் சொல்லும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். எழுத்தில் செய்தியும் அனுப்பலாம், ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்து. அதற்குமேல் எழுதினால் நறுக்கிவிடும். பக்கவாட்டில் சின்ன மூடி, அதற்குள் சிவப்புப் பொத்தான். உயிருக்கு ஆபத்தென்றால் மூடியைத் திறந்து அழுத்த வேண்டும்.

கருவியோடு கூடவே ஓர் உத்தரவும் வந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"முப்பது நாள் சோதனைம்மா. மலையிலேர்ந்து வர்ற செய்தியை வெச்சு உருப்படியா ஏதாவது நடந்துச்சுன்னா இந்த ரூம் இங்கயே இருக்கும். இல்லேன்னா ரூமை மூடித் தலைமையகத்தோட சேர்த்துடுவாங்க."

"ரூமைத்தானே சார்?"

"ரூமோட உங்களையும்தான்."

"எவ்வளவு தூரம் சார்?"

"இருநூத்தி நாப்பது கிலோமீட்டர்."

அம்மா சுவரைப் பார்த்தார். வரைபடம் அறுபது கிலோமீட்டரோடு முடிந்துவிட்டது. மீதி நூற்றெண்பதும் சுவரைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, குவார்ட்டர்ஸின் துணிக்கொடியையும் தாண்டி எங்கேயோ கிடந்தது.

"முப்பது நாள் இருக்குல்ல சார், பார்த்துக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

மலை ரோந்துக்கு ஏட்டையாவைத்தான் போட்டிருந்தார்கள். கூட நெட்டை என்று ஒரு கான்ஸ்டபிள். பெயருக்கேற்ற உயரம். ஏட்டையாவுக்கு மலையில் ஒவ்வொரு பாறையும் தெரியும். நடையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவரிடம் ஒரே ஒரு சிக்கல்தான்: மரியாதை. முப்பத்தொரு வருடச் சர்வீசில் மேலதிகாரிக்கு அவர் ஒரு வரிகூட மொட்டையாக எழுதியதில்லை. முன்பு வேலை பார்த்த ஸ்டேஷனில் கூரை தீப்பிடித்தபோது தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் எழுதும் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டார்கள். அவர் வணக்கம் எழுதி முடிப்பதற்குள் கூரை போய்விட்டது. மறுநாள் கடிதத்தைப் படித்த தீயணைப்பு அதிகாரி, இவ்வளவு மரியாதையாகத் தன்னை யாரும் கூப்பிட்டதில்லை என்று கண்கலங்கி, எரிந்துபோன இடத்துக்கு ஒரு நடை வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனார்.

முதல் நாள் காலை ஒன்பதே காலுக்குத் திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஒன்பது ஐம்பதுக்கு முதல் செய்தி வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று உரக்கப் படித்தார்.

"பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் கீழ்ப்பணியும் தலைமைக் காவலர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்."

படித்துவிட்டுக் காத்திருந்தார்.

"யாதெனில்?"

"அவ்வளவுதான் சார்."

"அவ்வளவுதான்னா? யாதெனில், என்ன?"

"அதுக்குள்ள எழுத்து தீர்ந்துபோச்சு சார்."

சாயங்காலத்துக்குள் பதினான்கு செய்திகள். பதினான்கும் யாதெனில் வரை வந்து நின்றன. புள்ளி மட்டும் ஒழுங்காக மலை ஏறி இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் நாற்பது நிமிடம் நின்றிருந்தது. அங்கே அவ்வளவு நேரம் என்ன வேலை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். செய்தி எழுதிக்கொண்டிருந்தோம் என்றார் ஏட்டையா. எழுதி முடித்த கருவியை நெட்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் குதிகாலை எக்கி நிற்பானாம். மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கட்டும் என்று.

அன்று வீட்டில் அம்மா பேச்சை எடுத்தார்.

"என்னங்க, விஷயத்தை முதல்ல எழுதினா என்ன?"

"முதல்லயா?" ஏட்டையா திடுக்கிட்டார். "கதவைத் தட்டாம திறந்துக்கிட்டு உள்ள போற மாதிரி இல்ல இருக்கும்?"

"சரி, ஒரு செய்தியில வணக்கத்தை அனுப்புங்க. அடுத்ததுல விஷயத்தை அனுப்புங்க."

"அடுத்தது தனிச் செய்தி ஆச்சே. அதுக்குத் தனியா வணக்கம் வேணாமா? மேலே இருக்கறவர் என்ன நினைப்பார்?"

"யாரு, இன்ஸ்பெக்டரா?"

"சேட்டிலைட்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என்னை இருநூத்தி நாப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அனுப்பப் போறாங்க, தெரியும்ல? மறுபடி ரயில் ஜன்னல்தான்."

ஏட்டையாவின் முகம் வாடிவிட்டது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, வணக்கம் இல்லாமல், 'திருடன் இல்லை' என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினார். அனுப்பிய நொடியில் விக்கல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நிற்கவில்லை. ஒரு விக்கலுக்கு இரண்டடி துள்ளினார். திரையில் புள்ளிகள் தையல் மிஷின் ஓட்டின மாதிரி மேலும் கீழுமாக விழுந்தன. மூன்றாம் நாள் பழையபடி பெருமதிப்பிற்குரிய என்று ஆரம்பித்ததும் விக்கல் பட்டென்று நின்றது. அதற்குப் பிறகு அவரை வற்புறுத்த அம்மாவுக்கு மனசு வரவில்லை.

ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானாவது இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் தேறிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் ஏட்டையாவை ஒரு காட்டுப்பன்றி ஒரு மணி நேரம் மரத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டது.

"பொத்தானை ஏன்யா அழுத்தலை?"

"மூடி போட்டிருக்கே சார். அனுமதி இல்லாம எப்படித் திறக்கறது? அனுமதி கேட்டு எழுதியிருந்தேனே."

எழுதியிருந்தார். பத்தே முக்காலுக்கு வந்த செய்தி அதுதான். யாதெனிலோடு நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் அம்மா ஒன்பது நாள் செய்திகளையும் அச்செடுத்து மேசையில் பரப்பினார். வேறு யார் பார்த்தாலும் ஒரே செய்தியை நூறு தடவை அச்சடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் அம்மாவிடம் ஒரு பழைய டிரங்குப் பெட்டி நிறையக் கடிதம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஏட்டையா எழுதிய நானூற்றுப் பதினொரு கடிதம். எல்லாமே 'அன்பிற்கும் பண்பிற்கும் உரிய மனைவி அவர்களின் மேலான சமூகத்திற்கு' என்று தொடங்கும். வணக்கம் முடியும்போது தாளும் முடிந்திருக்கும். விஷயம் எழுத இடமே இருக்காது. ஆனாலும் அவருக்கு எப்போது காய்ச்சல், எப்போது குடையைத் தொலைத்தார், எப்போது மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை எல்லாமே அம்மாவுக்குத் தெரியும். காய்ச்சலென்றால் பண்பு முன்னால் வரும், அன்பு பின்னால் போகும். குடை தொலைந்தால் 'உயிரினும் மேலான' என்று ஒன்று கூடச் சேரும்.

மேசையில் பரப்பிய தாள்களை அதே கண்ணோடு பார்த்தார். பன்றி வந்த நேரத்துச் செய்தியில் 'பணிவுடன்' போய் 'நடுங்கும் பணிவுடன்' வந்திருந்தது. சமவெளியில் நடக்கும்போதெல்லாம் 'மதிப்பிற்குரிய'. ஏற்றத்தில் 'பெருமதிப்பிற்குரிய'. மூச்சு வாங்க வாங்க மனிதர் இன்னும் பணிவாகிவிடுகிறார். பசித்தால் 'பணிவன்புடன்'. எதையாவது கண்டுபிடித்தால் 'மேலான' ஒன்று அதிகமாகும்.

பதினெட்டாம் நாள் அம்மா திரையைப் பார்த்தபடி சொன்னார்: "சார், ஏட்டையாவோட பூட்ஸ் அடி பிரிஞ்சுபோச்சு. இடது கால்."

இன்ஸ்பெக்டர் செய்தியை மூன்று முறை படித்தார். "பூட்ஸே இல்லையேம்மா இதுல?"

"தாழ்மையுடன்னு இருக்கு பாருங்க. வழக்கமா எழுத மாட்டார்."

"சரி, இடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வலது காலா இருந்தா 'மிக்க'ன்னு ஒண்ணு போட்டிருப்பார். அந்தக் கால்லதான் அவருக்கு ஆணி."

சாயங்காலம் ஏட்டையா வந்தார். இடது பூட்ஸைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் தன் டீயைக் குடித்தார். பிறகு அம்மாவின் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டார்.

அதிலிருந்து ஸ்டேஷன் வேலையே மாறிவிட்டது. 'மேலான' ஒன்று கூடினால் போதும், இன்ஸ்பெக்டர் புள்ளி இருக்கும் இடத்துக்கு ஆளனுப்பினார். ஒரு தடவை பேட்டரி இறக்கின தடம் கிடைத்தது. ஒரு தடவை அறுத்துப்போட்ட கேபிள். கும்பல் மட்டும் சிக்கவில்லை. நாள் இருபத்தொன்பது முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் காலை பெரிய அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. அம்மா வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் நெற்றி சுருங்கியது.

"முப்பது நாள். நானூத்திச் சொச்சம் செய்தி. ஒண்ணுலகூட விஷயம் இல்லை."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குந்தான்யா படிக்கத் தெரியும்! இது போலீஸ் ஸ்டேஷனா, ஜோசிய நிலையமா?" அதிகாரி மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்தார். அறையை மூடும் உத்தரவு, தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. பேனா மூடியைக் கழற்றினார். "சரி. இன்னைக்கு நாள் முழுசா இருக்கு. பார்ப்போம்."

அம்மா அந்தப் பேனா முனையைப் பார்த்தார். நீல மை. இருநூற்று நாற்பது கிலோமீட்டர் அந்த முனையில் நின்றது.

பத்து பத்துக்குப் புள்ளி பழைய கல்குவாரியில் விழுந்தது. உடனே செய்தி.

"பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களின் மேலான, மேலான, மேலான, மேலான சமூகத்திற்கு, தங்கள் கீழ்ப்பணியும் தலைமைக் காவலர் தெரிவித்துக்கொள்வது யாதெனில்."

அம்மா எழுந்துவிட்டார். "சார், கும்பல் சிக்கிடுச்சு. நாலு பேர். ஜீப்பை அனுப்புங்க."

"நாலு பேர்னு எங்க போட்டிருக்கு?" என்றார் பெரிய அதிகாரி.

"நாலு மேலான சார்."

அதிகாரி விரலால் எண்ணினார். நான்குதான் இருந்தது. அதனால் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

இன்ஸ்பெக்டர் பேனாவைப் பார்த்தார், ஜீப் சாவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த இடது கால் பூட்ஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். குவாரிக்கு மலைப்பாதையில் ஒன்றே கால் மணி நேரம். அறையில் மிஞ்சியது அம்மாவும் அதிகாரியும் பேனாவும்.

புள்ளி நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் விழுந்தது. செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பத்து முப்பத்தைந்து: யாதெனில். பதினொன்று: யாதெனில். ஒவ்வொன்றுக்கும் அதிகாரி பேனாவைக் காகிதத்தருகே கொண்டுபோவார். ஒவ்வொரு முறையும் அம்மா, "கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் நாலு பேரும் நிக்கறாங்க" என்பார். பதினொன்று இருபதுக்கு, "ஒருத்தன் உட்கார்ந்துட்டான் சார்" என்றார். எப்படி என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயந்தார்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு வந்த செய்தி இது: "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் நன்றிக்கும் வணக்கத்திற்கும் என்றென்றும் உரியவர்களாகிய, எல்லா நலமும் வளமும் பெற்று நீடூழி வாழ வேண்டிய, கருணையே உருவான, கண்கண்ட."

அங்கேயே நறுக்கியிருந்தது.

"பாருங்க! இதுல யாதெனில்கூட வரலை!" என்றார் அதிகாரி. பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

"சார்!" அம்மாவின் குரலில் அதிகாரியின் கை நின்றது. "இந்த மாதிரி அவர் இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கார். எட்டு மாசம் முன்னாடி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்னு உத்தரவு வந்த அன்னைக்கு. இது சந்தோஷம் சார். ஜீப் போய்ச் சேர்ந்துடுச்சு. நாலு பேர் கையிலயும் விலங்கு மாட்டியாச்சு."

அதிகாரி பேனாவை எடுக்கவுமில்லை, எழுதவுமில்லை. நீலப் புள்ளி காகிதத்தில் ஊறிக் கொஞ்சம் பெரிதானது. முக்கால் மணி நேரம் கழித்து மூலையில் வயர்லெஸ் கரகரத்தது. ஜீப் வயர்லெஸ் மலைக்குள் பேசாது. இன்ஸ்பெக்டர் முதல் வளைவுவரை இறங்கி வந்து அங்கிருந்து கத்தினார்.

"நாலு பேர் சார்! இருபத்தாறு பேட்டரி! ஏட்டு பேட்டரி அடுக்குமேல உட்கார்ந்து இன்னும் எழுதிட்டிருந்தார் சார், கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ஓவர்!"

நால்வரும் ஏன் ஓடவில்லை என்பதுதான் எல்லோருக்கும் புரியாமல் இருந்தது. அங்கே போலீஸ் இரண்டே பேர். அதில் நெட்டையின் இரண்டு கையும் முக்கால்வாசி நேரம் தலைக்குமேல். கும்பலின் தலைவன் வாக்குமூலத்தில் இப்படிச் சொன்னான்:

"பெருமதிப்பிற்குரியன்னு சத்தமா சொல்லிக்கிட்டே ஒவ்வொரு எழுத்தா தட்டினார் சார். யாருக்கோ மரியாதையா ஏதோ சொல்றார், நடுவுல ஓடினா நல்லா இருக்காதேன்னு நின்னோம். யாதெனில்னார். சரி, விஷயம் வரப்போகுதுன்னு பார்த்தா பெட்டியை நெட்டைகிட்ட குடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சுட்டார். இத்தனை நேரம் நின்னாச்சு, என்னன்னு கேட்டுட்டே போயிடலாம்னு இருந்துட்டோம். எங்க தம்பிக்குக் கால் வலிச்சு அவன் உட்கார்ந்துட்டான். ஒண்ணரை மணி நேரம் சார். இப்பவாச்சும் சொல்லுங்க, யாதெனில் என்ன?"

எழுத்தர் அந்தக் கேள்வியையும் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

பெரிய அதிகாரி தட்டச்சுக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறொரு உத்தரவு எழுதினார். கருவிகள் களப்பணிக்கு மிகவும் உகந்தவை. ஆனால் மேற்படி தலைமைக் காவலரின் செய்திகளைப் படிக்க மேற்படி அம்மையாரைத் தவிர யாராலும் முடியாது. ஆதலால் மேற்படியார் சர்வீசில் இருக்கும்வரை மேற்படி அறையையோ மேற்படி அம்மையாரையோ மேற்படி ஊரைவிட்டு நகர்த்தக் கூடாது. உத்தரவு ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒன்றேகால் பக்கம் வணக்கம். விஷயம் கடைசி மூன்று வரியில் இருந்தது.

அம்மா நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினார். ஜன்னல் வழியாகத் துணிக்கொடி தெரிந்தது. இன்னொரு சுற்று சுற்றினார்.

சாயங்காலம் ஏட்டையா நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"என்னங்க" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "முப்பது நாளா யாதெனில் யாதெனில்னு எழுதினீங்களே. அதுக்கப்புறம் என்னதான் எழுதறதா இருந்தீங்க? திருடனே கேட்கறான்."

"நாளுக்கு ஒரு விஷயமா? தினமும் ஒண்ணேதான்."

"என்ன?"

"சாயங்காலம் நேரத்தோட வந்துடுவேன்னு வீட்ல சொல்லவும்னு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அதை யாராவது இன்ஸ்பெக்டருக்கு எழுதுவாங்களா? பக்கத்துல நான்தானே உட்கார்ந்திருக்கேன்?"

"நேரா உனக்கு எழுதினா மேலே இருக்கறவர் என்ன நினைப்பார்?"

அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அறைக்குள் போனவர், கட்டிலைப் பார்த்ததும் அங்கிருந்தே ஆரம்பித்தார். ஈரத் துண்டு. அன்று அவர் திட்டியது மூன்றாவது குவார்ட்டர்ஸ்வரை கேட்டது. ஏட்டையா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டார்.

ஸ்டோர் ரூம் அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கும் அந்த ஆறு பெட்டிகளிலும் கம்பெனி ஒட்டி அனுப்பிய சீல் இன்றுவரை பிரிக்கப்படவில்லை.